பங்கு பிரியாத மெஷின்

நோன்புப் பெருநாளுக்கு வந்திருந்த என் மகளின் மகன், தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதான கறுப்புப் பெட்டி ஒன்றை எங்கள் வீட்டு டீவிக்குப் பின்னால் சொருகினான். அந்தக் காலத்து வீடியோ கேம் எல்லாம் அதற்குள் இருக்கிறதாம். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பகல் சாப்பாடு முடிந்து சாய்கதிரையில் கண்ணயர்ந்த நேரம். திடீரென்று ஒரு மெட்டு வந்தது. ஓலைப் பீப்பீயை யாரோ அவசரமாக ஊதுவது போன்ற மெட்டு. எழும்பி உட்கார்ந்துவிட்டேன். திரையில் இரண்டு அணில்கள் நின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

"நிப்பாட்டு! அத மாத்தாத!" என்று நான் போட்ட சத்தத்தில் பேரன் பயந்துபோனான்.

அந்த அணில்களை எனக்குத் தெரியும். கலகெதரைக் கடைத்தெருவில் நின்ற அணில் விளையாட்டு மெஷினைக் கடைசி மாடிவரை விளையாடிய முதல் ஆள் நான்தான். என்னோடு இன்னொருவரும் இருந்தார், அவர் கதை பிறகு வருகிறது. பேரப்பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். இன்றைக்குக் கண்டி டவுனில் எனக்கு மூன்று கடை இருக்கிறது. பட்டம் படித்த பிள்ளைகள் என் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். பேங்க்குக்குப் போனால் மனேஜர் எழும்பி வந்து கை கொடுக்கிறார். இதில் ஒன்றையும் பள்ளிக்கூடம் எனக்குத் தரவில்லை. யாவாரம் எனக்குப் பிறவியிலேயே வந்தது. முதல் யாவாரத்தை நான் செய்தது அந்த அணில் மெஷினை வைத்துத்தான். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

எங்கள் மூத்தவாப்பா, வாப்பாவின் வாப்பா, கலகெதரையில் ஒரு பெரிய சில்லறைக் கடை வைத்திருந்தார். அவர் மவுத்தான பிறகு வாப்பாவும் வாப்பாவின் நானாவும், அதாவது அண்ணனும், அதைச் சேர்ந்து நடத்தினார்கள். வாப்பாவின் நானாவை நாங்கள் பெரியாப்பா என்போம். கண்டிக்கும் குருநாகலுக்கும் போகிற பஸ்கள் எல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். பஸ்ஸுக்கு நிற்கிற ஆட்களையும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளையும் கடைக்குள் இழுக்க வேண்டும் என்று இருவரும் யோசித்து, கொழும்பில் மூடப்போகிற ஓர் இடத்திலிருந்து இந்த மெஷினை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அலுமாரி உயரம். நடுவில் கண்ணாடி, அதற்குக் கீழே பிடித்து ஆட்டுவதற்கு இரண்டு குச்சிகள். காசு போடுகிற ஓட்டையும் இரண்டு. ஊரே வந்து பார்த்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் அவர்கள் இருவரும் பிரிந்துவிட்டார்கள். காரணம் இன்றைக்கும் எனக்கு முழுதாகத் தெரியாது. ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் தொடங்கியது என்று மட்டும் தெரியும். எங்கள் ஆட்களின் கல்யாணங்களில் ஒரு பெரிய தட்டில் சோறு வைத்து அதைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதற்கு சஹன் என்று பெயர். நானாவும் தம்பியும் எப்போதும் ஒரே சஹனில்தான் கை வைப்பார்கள். அன்றைக்கு வாப்பா வேறு சஹனில் போய் உட்கார்ந்தார். ஏன் உட்கார்ந்தார், யார் என்ன சொன்னது, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதெல்லாம் பெரியவர்கள் கதை. பத்து நாள் போவதற்குள் பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து கடையைப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்.

நடுவில் லுணுமிதெல்லப் பலகையால் ஒரு சுவர் அடித்தார்கள். மலிவான பலகை. இடது பக்கம் வாப்பாவுக்கு, வலது பக்கம் பெரியாப்பாவுக்கு. அலுமாரிகளைப் பிரித்தார்கள். சாக்குகளைப் பிரித்தார்கள். தராசு ஒருவருக்கும் படிக்கற்கள் மற்றவருக்கும் போய்விட்டது. எடுத்ததை மாற்றிக்கொள்ள இருவரும் இறங்கி வராததால் இரண்டு பேரும் மிச்சத்தைப் புதிதாக வாங்கினார்கள். கடைசியில் மெஷினிடம் வந்தார்கள். அதை என்ன செய்வது? வெட்டவா முடியும்? பெரியவர்களில் ஒருவர் தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: பலகைச் சுவர் முடிகிற இடத்தில், வெளி வராந்தாவில், சரியாக நடுவில் மெஷின் நிற்கட்டும். இடது குச்சியும் இடது ஓட்டையில் விழுகிற காசும் தம்பிக்கு. வலது குச்சியும் வலது ஓட்டையும் நானாவுக்கு. கரண்ட் பெரியாப்பாவின் மெயின் பெட்டியிலிருந்து வந்தது. எங்கள் ஊர்க் கரண்ட் கூடிக் குறையும் என்பதால் இடையில் ஒரு ஸ்டெபிலைசர் வேண்டும். அது வாப்பாவுடைய பங்கில் இருந்தது. ஆக, இரண்டு கடையும் திறந்திருந்தால்தான் அணில் ஓடும்.

அதற்குப் பிறகு அவர்கள் ஒரு வார்த்தைகூட நேருக்கு நேர் பேசவில்லை. கடன்காரன் யாராவது வந்து போனாலும், முனிசிபல் ஆள் வந்தாலும், மழைக்குக் கூரை ஒழுகினாலும் ஆள் அனுப்பித்தான் பேச்சு. அந்த ஆள் நான்தான். பெரியாப்பாவின் மகன், எனக்கு நானா முறை, என்னை விட இரண்டு வயது மூத்தவர். அவரை அனுப்பினால் பாதி வழியில் பஸ் பார்த்துக்கொண்டு நின்று, சொல்ல வேண்டியதை மறந்துவிடுவார். நான் அப்படி இல்லை. சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பவன் என்று அப்போதே எனக்குப் பெயர் இருந்தது. வாப்பாவின் கடைப் படியில் இறங்கி, ரோட்டில் நாலு எட்டு ஓடி, அடுத்த படியில் ஏற வேண்டும். பெரியாப்பா கூப்பிடும் விதமே தனி.

"மகன், ஒங்க வாப்பாட்ட போய் சொல்லுங்க, கூரப் பீலி அவர்ட பக்கம்தான் அடச்சி ஈக்கி."

நான் ஓடுவேன். சொல்வேன். வாப்பா ஒரு பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் தருவார். திரும்பி ஓடுவேன். சில நாட்களில் இப்படியே மூச்சு வாங்கும். எனக்கு அதில் பெருமைதான். இரண்டு பெரிய முதலாளிகள், நான் இல்லாவிட்டால் ஊமைகள்.

நானாவும் நானும் பேசக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் பேசுவதைக் கண்டால் உம்மாவின் முகம் ஒரு மாதிரிப் போகும். அதனால் நாங்கள் பேசவில்லை. விளையாடினோம். விளையாட்டை யாரும் குறை சொல்ல முடியாது பாருங்கள். அவர் அவருடைய பங்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு அவருடைய பக்கத்தில் நிற்கிறார், நான் என்னுடைய பங்குக் குச்சியை என்னுடைய பக்கத்தில் நின்று பிடிக்கிறேன். எல்லாம் பள்ளிவாசல் தீர்ப்புப்படி.

விளையாட்டு என்னவென்றால், அந்த இரண்டு அணிலும் ஒரு கோபுரத்தில் மாடி மாடியாக ஏற வேண்டும். காகம் வரும், பாம்பு வரும், கொட்டையால் எறிந்து விழுத்தலாம். அதெல்லாம் சின்ன வேலை. பெரிய வேலை ஏறுவதுதான். தனி அணிலுக்கு ஒரு மாடியும் எட்டாது. ஒன்று குனிந்து முதுகைக் கொடுக்க வேண்டும். மற்றது அதில் மிதித்து மேலே பாய வேண்டும். பாய்ந்தது அப்படியே ஓடிவிடக்கூடாது. திரும்பி நின்று வாலைக் கீழே நீட்ட வேண்டும், குனிந்தது அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். கடைசி மாடியில் ஒரு பெரிய கதவு. அதில் இரண்டு சாவி ஓட்டை. இரண்டு அணிலும் உயிரோடு போய் ஒரே நேரத்தில் திருப்பினால்தான் திறக்கும்.

எப்போது குனிவது, எப்போது வாலை நீட்டுவது என்று பேசாமல் எப்படிச் சொல்வது? நாங்கள் காலால் சொன்னோம். மெஷினின் அடிப்பலகையில் ஒரு தட்டு என்றால் குனி. இரண்டு தட்டு என்றால் வாலை நீட்டு. படபடவென்று தட்டினால் காகம். ஸ்கூலில் வாத்தியார் சொன்ன ஒன்றும் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. அந்தத் தட்டுகள் ஞாபகம் இருக்கின்றன.

கதவுக்கு முந்திய மாடிவரை நாங்கள் ஏறிவிட்டிருந்த நாட்களில்தான் கண்டியிலிருந்து ஒரு யாவாரி வேனில் வந்து இறங்கினார். தொப்பையும் தங்கப் பல்லும் உள்ள மனிதர். டவுனில் பிள்ளைகள் விளையாட ஓர் இடம் திறக்கப்போகிறாராம், அதற்கு மெஷின் வேண்டுமாம். மூத்தவர் என்பதால் நேரே பெரியாப்பாவின் கடைக்குப் போனார். பெரியாப்பா அவருக்குக் கதிரை போட்டு, பிளேன்டீ வரவழைத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மகன், ஒங்க வாப்பாட்ட சொல்லுங்க, கண்டி யாவாரி நல்ல வெலைக்குக் கேக்குறார். அவருக்குச் சரிண்டா எனக்கும் சரி."

மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்ற நானாவின் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்தது போல இருந்தது. கதவுக்கு இன்னும் ஒரே ஒரு மாடி. அதோடு இன்னொன்று: மெஷின் போனால் நானாவோடு நிற்பதற்கு எனக்கு வேறு இடம் கிடையாது. அந்த வயதில் இதை இப்படிச் சொல்ல எனக்குத் தெரியாது. கதவு, கதவு என்றுதான் நினைத்தேன்.

படி இறங்கி ரோட்டில் ஓடிய அந்த நாலு எட்டுக்குள் நான் யாவாரி ஆகிவிட்டேன்.

"பெரியாப்பா சொல்றார்," என்றேன் வாப்பாவிடம், "உசிர் போனாலும் மெஷின குடுக்க ஏலாதாம்."

வாப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். அது அபூர்வம். என்னைப் பார்த்தார். பிறகு பலகைச் சுவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்பிடியா சொன்னார்?"

"ஓ வாப்பா."

"உசிர் போனாலுமா?"

"ஓ."

வாப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உடுத்திருந்த சாரத்தின் ஓரத்தால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "சரி. அப்ப பெரியவர்ட விருப்பம் எப்பிடியோ அப்பிடி."

இது எனக்குப் போதாது. பெரியவரின் விருப்பம் விற்பதல்லவா? திரும்பி ஓடிப்போய், யாவாரியின் முன்னால் நின்று, கொஞ்சம் உப்பும் புளியும் சேர்த்துச் சொன்னேன்.

"வாப்பாக்கு விருப்பம் இல்லயாம். அது நானாவும் தம்பியுமா ஒண்டா போய் லொறில ஏத்திட்டு வந்த சாமானாம். விக்க மனசு வரல்லயாம்."

பெரியாப்பா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். யாவாரி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகைச் சுவரைப் பார்த்தார். தங்கப் பல் தெரியச் சிரிக்கத் தொடங்கியவர், பெரியாப்பாவின் முகத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு இருமிவிட்டு விலையைக் கூட்டினார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க மகன்," என்றார் பெரியாப்பா, இந்த முறை சத்தம் குறைவாக.

நான் மறுபடி ஓடினேன். கேட்க அல்ல. "தம்பி ஆசப்பட்டு வாங்கின சாமான், குடுத்தா தம்பிக்குக் கவலையாப் போகும் எண்டு பெரியாப்பா சொல்றார்," என்றேன். வாப்பா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சீனிச் சாக்கின் வாயைக் கட்டினார். அந்தச் சாக்கு ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினார். "நானா சொல்றது சரிதான் எண்டு சொல்லு," என்றார். பிரிந்த பிறகு அவர் வாயிலிருந்து 'நானா' என்ற சொல் வந்ததை அன்றுதான் கேட்டேன். அதுவரை 'அந்தப் பக்கத்தவர்'தான்.

யாவாரி எழும்பினார். வேனில் ஏறுமுன் என் காதைப் பிடித்துச் செல்லமாகத் திருகினார்.

"இந்தக் கடைல யாவாரம் பேச எண்ட வாப்பா வந்தாலும் ஏலாது. டேய் மகன், நீ வளந்தா கண்டிக்கு வா. நல்ல தரகன் ஆகுவாய்."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. பத்து வயதில் இரண்டு பழுத்த முதலாளிகளையும் ஒரு கண்டி யாவாரியையும் ஒரே பகலில் மடக்கியவன் நான். பெருநாளன்றும் இந்தக் கதையைப் பேரப்பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னேன். அவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அப்போது பெருநாள் சலாம் சொல்ல நானா வந்து சேர்ந்தார். பெரியாப்பாவின் மகன்தான். இப்போது தலை முழுக்க நரை, முழங்காலில் வலி, மல்வானையில் மகளோடு இருக்கிறார். டீவியில் அணிலைக் கண்டதும் அவரும் என்னைப் போலவே சத்தம் போட்டார். பேரன் இரண்டு பேரின் கையிலும் ஆளுக்கொரு கன்ட்ரோலரைத் தந்தான். சிவப்பு எனக்கு, நீலம் அவருக்கு. குச்சி இல்லை, பொத்தான்தான். விரல் போகவில்லை. நானா கால் பெருவிரலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். என் அணில் தானாகக் குனிந்தது.

விளையாடிக்கொண்டே யாவாரி கதையை நான் இன்னொரு முறை எடுத்துவிட்டேன். நானா சிரித்தார். சிரித்த சிரிப்பில் அவருடைய அணிலைப் பாம்பு கடித்துவிட்டது.

"நீ இன்னும் அத உண்மை எண்டா நெனச்சிட்டு ஈக்கிற?"

"வேற என்னத்த நெனக்கிற?"

"அது பலகச் செவர்டா. அரை அங்குலம்கூட இல்ல. ஒங்க வாப்பா அங்க தும்மினா எங்க வாப்பா இங்க யர்ஹமுகல்லாஹ் சொல்லுவார், மெதுவா. நீ அங்க சொன்ன பொய் ஒண்டொண்டும் எங்களுக்கு இஞ்ச கேட்டிச்சி. யாவாரிக்கும் கேட்டிச்சி."

"பெரியாப்பா ஒண்டும் சொல்லல்லயே."

"சொல்லல்லதான்," என்றார் நானா.

பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்பது வயதைத் தாண்டிய ஆள், மூன்று கடை முதலாளி, என் முதல் யாவாரம் எனக்கு முன்னால் அவிழ்ந்து கிடந்தது. பலகை மெல்லியது என்பது எனக்குத் தெரியாததா? அந்தப் பலகையில் ஆணி அடிக்கும்போது பக்கத்தில் நின்றவன் நான். ஆனால் செய்தி என்றால் அது என் காலில்தான் போகும் என்று அவ்வளவு நம்பிக்கை எனக்கு. ஒரு கணம் நானாவின் மேல் கோபம்கூட வந்தது. பிறகு கோபம் போய், யாவாரி வந்து போன அடுத்த வாரத்தில் ஒரு பகல் ஞாபகத்துக்கு வந்தது. அதை நான் யாருக்கும் கதையாகச் சொன்னதில்லை, ஏனென்றால் அதில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

அது லுஹர் தொழுகைக்குப் பிந்திய நேரம். கடைத்தெரு உறங்கிக்கிடந்தது. குருநாகல் பஸ் போய்விட்டது, அடுத்தது வர நேரம் இருந்தது. நானாவும் நானும் கடைசி மாடிக்கு ஏற மறுபடி முயன்று பார்ப்பதற்காக வராந்தாவில் நின்றோம். பெரியாப்பா வெளியே வந்து நானாவின் குச்சியைப் பிடித்து இரண்டு முறை ஆட்டிப் பார்த்தார். உள்ளே போனார். என்னைக் கூப்பிட்டார். நான் போய் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகைச் சுவருக்குத்தான் சொன்னார், வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க.

"மகன், ஒங்க வாப்பாட்ட சொல்லுங்க, இந்தப் பக்கத்துக் குச்சி கழண்டு ஆடுது. தம்பிக்குத்தான் அதெல்லாம் வெளங்கும். வந்து பாத்தா நல்லம்."

இதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மெஷினுக்கு நல்ல செய்தி. சொன்னபடியே சொல்வதென்று படி இறங்கினேன். ரோட்டில் கால் வைக்கிறேன், எங்கள் கடைப் படியில் வாப்பா இறங்கி வந்துகொண்டிருக்கிறார். கையில் ஸ்க்ரூ டிரைவர். சட்டைப் பொத்தானைப் பிழையாகப் பூட்டியிருந்தார், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நின்றது.

"வாப்பா, பெரியாப்பா சொல்றார்..." என்று தொடங்கினேன்.

"ஓ ஓ," என்று சொல்லிக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

பெரியாப்பா வெளியே வந்து நின்றார். இருவரும் சலாம் சொன்னார்களா என்பது எனக்குக் கேட்கவில்லை. மெஷினின் பின்கதவைக் கழற்றினார்கள். இரண்டு தலையும் உள்ளே போனது. வெளியே தெரிந்ததெல்லாம் இரண்டு சாரமும் நாலு குதிகாலும்தான். உள்ளே என்னவோ முணுமுணுப்பு. ஒரு முறை பெரியாப்பா சிரித்தது போல இருந்தது. தூசிக்கு இருமியிருக்கலாம். வெகுநேரம் கழித்துத் தலையை வெளியே எடுத்தார்கள். வாப்பாவின் கண் சிவந்திருந்தது, அதுவும் தூசி என்றுதான் நினைத்தேன். கதவைப் பூட்டிவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும் என்று பெரியாப்பா சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவ்வளவு மோசமான ஆட்டத்தை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. முதல் மாடியிலேயே காகம் கொத்தியது. இரண்டு அணிலும் ஒன்றை ஒன்று முட்டி விழுந்தன. இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள், பிறகு இருவரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். செத்தார்கள். மறுபடி தொடங்கினார்கள். மறுபடி செத்தார்கள். நானும் நானாவும் கால் மாற்றி மாற்றி நின்றோம். என் பொறுமை போய்விட்டது. வாப்பாவின் சாரத்தைப் பிடித்து இழுத்தேன்.

"போதும் வாப்பா, ஒங்களுக்கு ஏலாது. எங்களுக்குத் தாங்க."

"கொஞ்சம் பொறு மகன்," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நானா என் காதுக்கருகில் குனிந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் என்னோடு வாய் திறந்து பேசியது அப்போதுதான்.

"குச்சிக்கு ஒண்டும் இல்லடா. காலையில நல்லாத்தான் ஈந்திச்சி."

நானும் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான், காலையில் நாங்கள் விளையாடும்போது அது கழன்று ஆடவே இல்லை. பெரியாப்பாவுக்கு மெஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அன்றைக்கு நான் முடிவு செய்துகொண்டேன்.